நுனி உடைந்த மாவிலை

காரியாபட்டி
3.7.2024

அண்ணனுக்கு வெள்ளைத்தாய் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. நலமாகத்தான் இருப்பீர்கள். திருத்தங்கலில் சொந்தமாக அச்சகம் வைத்திருப்பவருக்கு என்ன குறை? "இனிமே ஒங்க குரல என் காதால கேக்கமாட்டேன்" என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்னேன். போனை எடுக்காமல் அந்தச் சொல்லைக் காப்பாற்றியும் வருகிறேன். ஆனால் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உதவி கேட்டு எழுதுவதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு சேதி சொல்லத்தான். என் வீட்டுக்காரர் கருமாதி அன்று பிறந்த வீட்டுக் கோடியைக் கொண்டுவந்து என் தோளில் போடவேண்டியவர் நீங்கள். தீபாவளி சீசன், நாரணாபுரத்துக்கு வெடி லேபிள் லோடு போகணும் என்று சொல்லி, கோடிச் சேலையை உங்கள் மிஷின்மேன் சங்கிலிமுத்து கையில் பஸ் ஏற்றி அனுப்பினீர்கள். பேப்பரில் சுற்றிய பொட்டலமாக வந்தது. ஊரே பார்த்தது. மறுநாள் சாவகாசமாக வந்து நின்றுகொண்டு, "கையில காசு நிக்காத மனுசன். ஒனக்குன்னு என்னத்த வச்சிட்டுப் போயிட்டாரு?" என்று கேட்டீர்கள். நீங்கள் வராததைக்கூட நான் மறந்திருப்பேன். அந்தக் கேள்வியை மறக்கவில்லை.

இப்போது பதில் வந்திருக்கிறது, பாருங்கள். டெல்லியிலிருந்து ரிஜிஸ்டர் தபால். அவர் பெயரில் ஒரு காப்பீடு எடுத்திருக்கிறார். யாரும் கேட்காமல் மூன்று வருஷமாகக் கிடக்கிறதாம். பதினெட்டு லட்சம். வாரிசு என்று என் பெயரும் மகள் அழகுமீனா பெயரும் அச்சடித்து வந்திருக்கிறது. 'பம்ப்செட் ராக்கப்பன் அவர்கள்' என்றே போட்டிருக்கிறார்கள் அண்ணே. ஊரில் நாலு பேர் கூப்பிடுகிற பட்டப்பேர்வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிற கம்பெனி. அவரை எவ்வளவு மதித்திருந்தால் அப்படி எழுதுவார்கள்!

சரிபார்ப்புக் கட்டணம் முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு இருபத்திரண்டாம் தேதிக்குள் கட்டவேண்டும். விஷயம் ரகசியமாக இருக்கவேண்டும், வெளியே சொன்னால் தொகை ரத்தாகும் என்று இருக்கிறது. உங்களிடம் மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெராக்ஸ் இதோடு வைத்திருக்கிறேன். அசல் தாளைப் பார்க்கவேண்டும் நீங்கள். ஓரமெல்லாம் தங்கக் கோடு, தொட்டால் விரலில் வழுக்குகிறது. தொழில் தெரிந்த உங்களுக்கே பொறாமை வரும்.

என் புருஷன் என்னை அம்போ என்று விட்டுவிட்டுப் போகவில்லை. அதைத் தெரிந்துகொள்ளுங்கள், போதும்.

வெள்ளைத்தாய்


வள்ளித்தாய் ஆப்செட், திருத்தங்கல்
6.7.2024

தங்கச்சிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்த்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பணம் கட்டாதே. அது மோசடி.

நிஜமான கம்பெனி உனக்குப் பணம் தரவேண்டும் என்றால் உன்னிடம் பணம் கேட்காது. பிடித்தம் இருந்தால் தருகிற தொகையில் கழித்துக்கொள்ளும். யாரிடமும் சொல்லாதே என்று எந்த ஆபீசும் எழுதாது. சொல்லாதே என்பவன் திருடன். அந்தத் தாளில் பாலிசி நம்பர் எங்கே? எந்தக் கிளையில், எந்த ஏஜெண்ட் மூலம் போட்டது? ஒன்றும் இல்லை. ஒரு செல் நம்பரும் தபால் பெட்டி எண்ணும்தான் இருக்கிறது. இருபது நாள் கெடு எதற்கு? நீ உட்கார்ந்து யோசித்துவிடக் கூடாது, அதற்குத்தான்.

ஆதார் நகல், பாஸ்புக் நகல் எதுவும் அனுப்பிவிடாதே. சந்தேகம் இருந்தால் மாப்பிள்ளை கணக்கு வைத்திருந்த பேங்குக்குப் போய், அவர் பெயரில் காப்பீட்டுக்கு எப்போதாவது பணம் பிடித்திருக்கிறதா என்று கேள். தபால் ஆபீசிலும் கேள். அந்தத் தாளில் இருக்கிற நம்பருக்கு மட்டும் பேசாதே.

கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். கண்டுகொள்ளாதே.

பெத்தணன்


காரியாபட்டி
11.7.2024

அண்ணனுக்கு,

மூன்று வருஷம் கழித்து எழுதினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு பதில். அழகுமீனா எப்படியிருக்கிறாள் என்று ஒரு வரி உண்டா? விருதுநகரில் காலேஜ் இரண்டாவது வருஷம் படிக்கிறாள். கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

உங்களுக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான். 'ராக்கப்பன் ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை' என்று நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டது. இப்போது அவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றால் உங்கள் வாக்கு பொய்யாகிவிடும். அதற்காக மோசடி என்கிறீர்கள். மோசடிக்காரனுக்கு அவருடைய பட்டப்பேர் எப்படித் தெரியும்? அவர் செத்த தேதி எப்படித் தெரியும்? மகள் பெயர், கொழுந்தன் பெயர் எல்லாம் வரிசைப்படி எப்படி வரும்? அதற்கு ஒரு பதிலும் எழுதவில்லையே நீங்கள்.

நம்பருக்குப் பேசிவிட்டேன். எம்புட்டு மரியாதையாகப் பேசினார்கள் தெரியுமா? "அம்மா, ஒங்க வீட்டுக்காரர் ஒங்க மேல உசுரா இருந்திருக்காரு, அதான் ஒங்களுக்குத் தெரியாமயே கட்டிட்டு வந்திருக்காரு" என்றான் அந்தப் பையன். கூடப்பிறந்தவர் வாயில் வராத வார்த்தை, முகம் தெரியாதவன் வாயில் வந்தது. நான் அழுதுவிட்டேன்.

கழுத்துச் செயினை அடகு வைத்துப் பணம் தயாராக இருக்கிறது. திங்கட்கிழமை, இருபத்திரண்டாம் தேதி காலையில் பேங்கில் போய்க் கட்டப்போகிறேன். உங்கள் உத்தரவு தேவையில்லை.

அப்புறம், நீங்கள் அடித்த வரியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். 'நம்ம அச்ச' என்கிற வரைக்கும் தெரிகிறது. நம்ம அச்சகத்துக்கு என்ன? எதை எழுதி எதை மறைத்தீர்கள்?

வெள்ளைத்தாய்


திருத்தங்கல்
18.7.2024

வெள்ளைத்தாய்க்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. யார் கையிலும் கொடுத்தனுப்பவும் இல்லை. ஒருமுறை அப்படிச் செய்தது போதும். நானே பைக்கில் கொண்டுவருகிறேன். என் குரலைக் கேட்கமாட்டேன் என்று சொன்னவள் நீ. அதனால் கூப்பிடமாட்டேன். கதவிடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அடித்த வரியை இப்போது முழுசாக எழுதுகிறேன். அந்தத் தாள் நம்ம அச்சகத்தில் அச்சானது.

ஜெராக்ஸைப் பார்த்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் எழுதவில்லை. வெட்கம். முப்பது வருஷமாக அம்மா பெயரில் நடத்துகிற தொழில். 'வள்ளித்தாய் ஆப்செட்டில் கொடுத்தால் குறை சொல்ல முடியாது' என்று சிவகாசி வரைக்கும் பேர். அதைத் திருட்டுக்கு விற்றுவிட்டேன் என்று தங்கச்சியிடம் எப்படி எழுதுவது? எழுதாமலே உன்னைத் தடுத்துவிடலாம் என்று நினைத்தேன். உன்னைத் தெரியாதவன் மாதிரி.

நடந்தது இது. பங்குனியில் இரண்டு பேர் வந்தார்கள். மதுரை என்றார்கள். இன்சூரன்ஸ் சம்பந்தப்பட்ட நலமையம், இரண்டாயிரம் லெட்டர்ஹெட் வேண்டும், பார்த்தால் பெரிய இடம் என்று தெரியவேண்டும் என்றார்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? தங்க ஃபாயிலில் பார்டர் போட்டுத் தருகிறேன் என்று நானே சொன்னேன். கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருக்கிற மாவிலைத் தோரண டையை, அந்த உலோக அச்சை, எடுத்துப் போட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எதற்கு மாவிலைத் தோரணம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். வேலை அழகாக வருகிறது என்கிற மிதப்பில் யோசிக்கவில்லை.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. நான் அடித்ததிலேயே நல்ல வேலையாகப் பொறுக்கி ஒரு ஆல்பம் ஒட்டி வைத்திருப்பேனே, வருகிறவர்களிடம் காட்டுவதற்கு. கல்யாணம், காதுகுத்து, கருமாதிப் பத்திரிகை எல்லாம் அதில் உண்டு. "பார்ட்னருக்குக் காட்டணும், ஒரு நாள் குடுங்கண்ணே" என்றான் அதில் ஒருவன். பெருமையாகத் தூக்கிக் கொடுத்தேன். மாப்பிள்ளை கருமாதிப் பத்திரிகையும் அதில் இருந்தது. அது நான் அழுதுகொண்டே அடித்த வேலை, வெள்ளை. அதில் 'பம்ப்செட் ராக்கப்பன்' என்று போடச் சொன்னது நான்தான். செத்த தேதி, உன் பெயர், மகள் பெயர், கொழுந்தன் பெயர், வீட்டு விலாசம் எல்லாம் அதே வரிசையில் இருக்கும். அந்தப் பட்டப்பேர் எந்தக் கம்பெனிக் கணக்கிலும் ஏறாது. ரேஷன் கார்டிலேயே கிடையாது.

நான் சொல்வதை நம்பவேண்டாம். உன் கல்யாணப் பத்திரிகை டிரங்குப் பெட்டியில் இருக்கும். எடு. டெல்லித் தாளையும் எடு. இரண்டையும் பக்கத்தில் வைத்து, வலது பக்கம் மேலே மூன்றாவது மாவிலையைப் பார். நுனி உடைந்திருக்கும். நீ இங்கே அச்சான தாளைச் சரிபார்க்கிற செக்கிங் வேலை பார்த்த காலத்தில் அந்த டையைக் கீழே போட்டு உடைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா கேட்டபோது நான்தான் போட்டேன் என்று சொல்லி அடி வாங்கினேன். புதுசு செய்யாமல் அந்த டையையே இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன். உலகத்தில் வேறு எங்கேயும் அந்த இலை கிடையாது.

அன்றைக்குப் பந்தலுக்கு வராதது தப்பு. மறுநாள் கேட்ட கேள்வி அதைவிடத் தப்பு.

திங்கட்கிழமை பேங்குக்குப் போகாதே தாயி.

பெத்தணன்


காரியாபட்டி
20.7.2024

அண்ணனுக்கு,

வண்டிச் சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து எட்டிப்பார்ப்பதற்குள் தெருமுனை திரும்பிவிட்டீர்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடிக்காமல் போவதா? உங்கள் வீம்பு எனக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை.

பத்திரிகையை எடுத்தேன். 'ராக்கப்பன் – வெள்ளைத்தாய்' என்று தங்க எழுத்து இன்னும் மங்கவில்லை. டெல்லித் தாளைப் பக்கத்தில் வைத்தேன். மூன்றாவது இலை. இரண்டிலும் நுனி இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன். அழகுமீனா போனில் பெரிசாக்கிக் காட்டினாள். "அம்மா, ரெண்டும் ஒண்ணுதான்மா" என்றாள். எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

அன்று முழுக்க அழுதேன். உங்கள்மேல் கோபத்தில் இல்லை. அந்தப் பையன் சொன்னானே, உசுராக இருந்திருக்கிறார் என்று, அது பொய்யாகப் போய்விட்டதே என்று அழுதேன். மறுநாள் பேங்குக்குப் போனேன். காப்பீடு என்று ஒரு ரூபாய்கூட அவர் கணக்கில் பிடிக்கவில்லை. தபால் ஆபீசிலும் ஒன்றும் இல்லை. அவர் எதுவும் எடுக்கவில்லை அண்ணே. நீங்கள் சொன்னது அந்த அளவில் சரிதான்.

ஆனால் பேங்க்காரம்மா இன்னொன்றும் சொன்னார். "ஒங்க வீட்டுக்காரர் பேர்ல கடன் எதுவுமில்லம்மா. இந்த ஊர்ல கடனில்லாமப் போன விவசாயி எத்தன பேருன்னு நெனைக்கிறீக?" என்றார். ஒன்றரை ஏக்கர், கிணறு, அவர் கையால் பூட்டிய பம்ப்செட். ஒருவனுக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. இதை நான் ஏன் இதுவரைக்கும் நிமிர்ந்து சொல்லவில்லை என்று தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். என் புருஷன் என்னத்தை வைத்துவிட்டுப் போனார் என்று இனி யார் கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கிறது. செயினைத் திருப்பிவிட்டேன். கழுத்தில்தான் கிடக்கிறது.

இனி உங்கள் பாடு. அந்த ஆல்பத்தில் என் வீடு மட்டுமா இருந்தது? இன்னும் எத்தனை கருமாதிப் பத்திரிகை? அத்தனை வீட்டுக்கும் தங்கக் கோடு போட்ட தாள் போயிருக்குமே! என்னைக் காப்பாற்ற ஒரு மாவிலை இருந்தது. அவர்களுக்கு என்ன இருக்கிறது?

போலீசுக்குப் போங்கள். பில், அவர்கள் போன் நம்பர், அந்த டை, எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுங்கள். பேர் கெட்டுப்போகும் என்று யோசிப்பீர்கள், எனக்குத் தெரியும். அம்மா பேரை இன்னொருத்தி வீட்டுக் கண்ணீரில் காப்பாற்ற வேண்டாம்.

வெள்ளைத்தாய்


திருத்தங்கல்
25.7.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. ஒரு நாள் முழுக்க மிஷினை ஓடவிட்டு அதன் முன்னால் சும்மா நின்றேன். போலீஸ் என்றால் வாசலில் ஜீப் வரும். தெருவே பார்க்கும். முப்பது வருஷமாகச் சேர்த்த பேர் முப்பது நிமிஷத்தில் போய்விடும். 'எனக்குத் தெரியாமல்தானே நடந்தது, ஏன் நானாகப் போய்த் தலையைக் கொடுக்கவேண்டும்?' என்றெல்லாம் எனக்கு நானே வக்காலத்து வாங்கினேன். சங்கிலிமுத்துதான் கேட்டான். "மொதலாளி, ஒரு புள்ளி தள்ளி அடிச்சாலே மொத்தத் தாளையும் கிழிச்சுப் போடச் சொல்லுவீக. இத மட்டும் எப்படி விடுவீக?"

மறுநாள் போனேன். பில், நம்பர், அவர்கள் அனுப்பிய மெசேஜ், மிச்சம் இருந்த தாள் எல்லாம் கொடுத்தேன். டையையும் வாங்கிக்கொண்டார்கள். அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர், "பாதிக்கப்பட்டவங்க வருவாங்க, அச்சடிச்சவரே வந்தது இதான் முதல் தடவை" என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆல்பத்தில் இருந்தது பதினான்கு கருமாதிப் பத்திரிகை. கம்ப்யூட்டரில் விலாசம் இருந்தது. இரண்டு நாளாக ஒவ்வொரு வீடாகப் போய்வந்தேன். ஆறு வீட்டுக்குத் தாள் வந்திருக்கிறது. மூன்று பேர் பணம் கட்டத் தயாராக இருந்தார்கள். ஒருத்தி கட்டிவிட்டாள், அருப்புக்கோட்டைப் பக்கம் ராமுத்தாய் என்று ஒரு அம்மா. கட்டி நாலு நாள்தான் ஆகிறது. நானே கூட இருந்து, சைபர் மோசடிப் புகாருக்கென்று இருக்கிற 1930-க்குப் போன் போட்டுப் புகார் பதியவைத்தேன். பேங்குக்கும் கூட்டிப்போனேன். பணம் வருமா என்று தெரியாது. வராவிட்டால் அந்த அம்மாவுக்கு நான் பொறுப்பு. அதை அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

மிச்சத் தாளை எங்கெங்கே அனுப்பியிருக்கிறார்களோ. அதனால் நோட்டீஸ் அடித்திருக்கிறேன். ஐயாயிரம். இந்தச் சரகம் முழுக்க ஒட்டப்போகிறேன். அடியில் அச்சகத்தின் பெயரைப் பார்த்துவிட்டுப் பக்கத்து அச்சகத்து லட்சுமிகாந்தம் ஓடிவந்தார். "என்னப்பா, ஒன் பேர நீயே சந்தி சிரிக்க வைக்கிறியே! பேர எடுத்துட்டு ஒட்டு, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். நான் சொன்னேன்: "அண்ணாச்சி, அவங்க அனுப்புன தாள்லயும் அடிச்சவன் பேரு இல்ல. பேரில்லாத நோட்டீஸ எவன் நம்புவான்?"

ஒரு காலண்டர் ஆர்டர் கைவிட்டுப் போய்விட்டது. போகட்டும்.

உனக்கு நூறு நோட்டீஸ் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஃபாயில் இல்லை, பார்டர் இல்லை. சாதாரண வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து. ஆனால் ஒரு எழுத்துகூட மங்கல் கிடையாது. நீயே செக்கிங் பார்த்துக்கொள்.

மாப்பிள்ளை பற்றி நான் கேட்ட கேள்விக்கு நீ எழுதிய பதிலை இரண்டு தடவை படித்தேன். அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். எனக்கு இன்னும் மிஷின் கடன் அடையவில்லை.

பெத்தணன்


காரியாபட்டி
29.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நோட்டீஸ் வந்தது. நூறையும் தாள் தாளாகப் பார்த்தேன். பழைய பழக்கம். குறை ஒன்றும் இல்லை.

அழகுமீனா பசை காய்ச்சிக் கொடுத்தாள். ரேஷன் கடை, பால் சொசைட்டி, பஸ் ஸ்டாப், பேங்க் வாசல் எல்லா இடத்திலும் நானே ஒட்டினேன். ரேஷன் கடையில் கூட்டம். பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி சத்தம்போட்டுப் படித்தாள்.

'இறந்தவர் பெயரில் பணம் வந்திருக்கிறது, முதலில் கட்டணம் கட்டுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று தபால் வந்தால் நம்பாதீர்கள். பத்துப் பேரிடம் சொல்லுங்கள். தங்க ஓரம் போட்ட அந்தத் தாள் எங்கள் அச்சகத்தில்தான் அச்சானது. ஏமாந்து அச்சடித்தோம். அதற்கு நாங்கள் வெட்கப்படுகிறோம். வள்ளித்தாய் ஆப்செட், திருத்தங்கல்.'

படித்தவள் நிறுத்திவிட்டு, "யாருடி இவன், தன் தப்பத் தானே அச்சடிச்சு ஊரெல்லாம் ஒட்டுறவன்? இப்படியும் ஒரு மனுசன் இருப்பானா?" என்று கேட்டாள்.

மூன்று வருஷமாக எனக்கு அண்ணன் இருக்கிறார் என்று இந்த ஊரில் நான் யாரிடமும் சொன்னதில்லை. கையெல்லாம் பசை. அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னேன். "இருப்பான். எங்க அண்ணன். வள்ளித்தாய் எங்க அம்மா."

கடைசியில் நின்றிருந்த கிழவி ஒருத்தி முந்தானையில் முடிந்துவைத்திருந்த தாளை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள். தங்க ஓரம். மூன்றாவது இலைக்கு நுனி இல்லை. இன்னும் கட்டவில்லையாம்.

அந்தக் கோடிச் சேலை பெட்டியில்தான் இருக்கிறது. அன்றைக்கு நாத்தனார் எடுத்து என் தோளில் போட்டதோடு சரி. பிறகு மடிப்பைக்கூடக் கலைக்கவில்லை. சனிக்கிழமை ஆடிப் பெருக்கு. வாருங்கள். வந்து உங்கள் கையால் எடுத்துக் கொடுங்கள், கட்டிக்கொள்கிறேன்.

கதவிடுக்கில் எதையும் வைத்துவிட்டு ஓடக் கூடாது. வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவேண்டும்.

உங்கள் தங்கச்சி
வெள்ளைத்தாய்